தூதரின் கடைவாய்ப் பல்

முத்துக்கரை மன்னன் மாறவேளுக்கு அன்று வியர்த்துக் கொட்டியது. வியர்க்காதா பின்னே? சம்பந்தி நாடான குன்றத்தூரிலிருந்து தூதர் வில்லவராயர் வந்து சபையில் சட்டமாக உட்கார்ந்திருந்தார்.

"லவங்கத் தீவுக்காரர்கள் எங்கள் அரசரை அவமதித்துவிட்டார்கள். உங்கள் துறைமுகத்தில் நிற்கும் அவர்கள் கப்பலை இன்றே திருப்பி அனுப்புங்கள். இல்லையென்றால் உங்கள் வடக்கு எல்லையைக் காக்கும் எங்கள் யானைப்படை வீட்டுக்குத் திரும்பும்."

யானை போனால் எல்லை போகும். கப்பல் போனால் துறைமுகத்து ஜனங்களின் அடுப்பு அணையும். மன்னன் பரிதாபமாக அரண்மனை விகடகவி அம்பலக்கூத்தரைப் பார்த்தான். சபையில் அதிகம் பேசுகிறவரும் அதிகம் சாப்பிடுகிறவரும் அவர்தான்.

கூத்தர் எழுந்தார். "தூதர் சொல்வது நியாயம். சம்பந்தி கை நனைக்காத வீட்டில் நாம் நனைக்கலாமா? ஆனால் ஒரு முறை இருக்கிறது, ஐயா. சண்டை போட்டவர்தான் முதலில் இலையிலிருந்து கையை எடுக்க வேண்டும். உறவுக்காரர் அதற்குப் பிறகுதான்."

"நாங்கள் எப்போதோ எடுத்துவிட்டோம். அந்தத் தீவின் தூசிகூட எங்களிடம் கிடையாது."

"அப்படியா? வந்ததிலிருந்து கடைவாயில் எதையோ அடக்கிக்கொண்டே பேசுகிறீர்களே, அது என்ன?"

வில்லவராயரின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. "கிராம்பு. பல்வலி."

"கிராம்பு அந்தத் தீவைத் தவிர வேறெங்கும் விளைவதில்லை. நீங்கள் துப்புங்கள், ஐயா. அது தரையில் விழுந்ததும் கப்பலை அவிழ்த்துவிடச் சொல்கிறேன்."

ஒருவன் பணிவாக எச்சில் படிக்கத்தை நீட்டினான். தூதர் அதைப் பார்த்தார். துப்ப வாயைத் திறந்தார். குளிர்ந்த காற்று பல்லில் பட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

"யானைகள் எல்லையிலேயே நிற்கட்டும்," என்றார் மெதுவாக. "கப்பலைப் பற்றி... எங்கள் அரசரிடம் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன்."

கூத்தர் கொடுத்த ஒரு பை கிராம்பை மடியில் கட்டிக்கொண்டு புறப்பட்டவர், வாசலில் நின்று கேட்டார்: "பல் பிடுங்க இங்கே நல்ல வைத்தியர் உண்டா?"

"ஊரில் இல்லை, ஐயா," என்றார் கூத்தர் வருத்தத்தோடு.

பல்லக்கு மறைந்ததும் மன்னன் கேட்டான்: "வைத்தியர் பின்கட்டில்தானே தூங்குகிறார்?"

"தூங்கட்டும், அரசே. யானைப்படையும் கப்பலும் இப்போது அந்த ஒரு பல்லில்தான் கட்டியிருக்கிறது. அதைப் போய்ப் பிடுங்கச் சொல்கிறீர்களே."

மன்னன் சிரித்த சிரிப்பில் பின்கட்டில் வைத்தியர் விழித்துக்கொண்டார். கூத்தருக்கு முத்துமாலை கிடைத்தது. வைத்தியருக்கு, காரணமே சொல்லாமல், ஒரு மாத விடுமுறை கிடைத்தது.