மாநாட்டுக் கதவைத் தட்டிய அமைச்சர்

மங்களராயரின் ராஜ்யத்தில் அரிசிக்குப் பஞ்சம் வரலாம், இன்டர்நெட்டுக்கு வரக்கூடாது. மகாராஜா தினமும் மாலையில் கோழிச்சண்டையை நேரலையில் பார்ப்பார். நாட்டின் மற்ற காரியங்கள் சண்டை இல்லாத நேரத்தில் நடக்கும்.

தெருவுக்கு ஒருவராக, ஏணியும் கேபிள் சுருளுமாக இணைப்புக் கொடுத்துப் பிழைத்துவந்த சின்ன ஆபரேட்டர்கள், வரும் பௌர்ணமியன்று மாநாடு கூட்ட அனுமதி கேட்டார்கள். அமைச்சர் அருணகிரியாருக்கு வயிறு எரிந்தது. ஊரிலேயே பெரிய இன்டர்நெட் கம்பெனி அவருடைய மைத்துனருக்குச் சொந்தம். மைத்துனர் மேல் அவருக்கு அப்படி ஒரு பாசம்.

"மகாராஜா, இந்த ஏணிக்காரர்கள் நமக்கு எதற்கு? மாநாட்டன்று பொழுது சாய்வதற்குள் யாரும் இவர்களைத் தேடாவிட்டால், லைசென்ஸை ரத்து செய்துவிடலாமே."

"தேடுவார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது" என்றான் அரசவை விகடன் ஏகாம்பரம். கம்பத்தில் யார் ஏறுகிறார்கள் என்று அண்ணாந்து பார்க்கிற பழக்கம் அவனுக்கு உண்டு. அரண்மனையில் வேறு யாருக்கும் கிடையாது.

"தேடாவிட்டால் உன் வேலையும் போகும்" என்றார் ராஜா.

ஏகாம்பரம் யோசித்தான். தன் வேலை போனால் போகட்டும், இத்தனை குடும்பங்களின் பிழைப்பு?

"சம்மதம், மகாராஜா. ஆனால் மாநாட்டு மண்டபத்துக்குள் செல்போன் கூடாது. அமைச்சரே வந்து கேட்டாலொழிய கதவைத் திறக்க மாட்டேன்."

"நான் எதற்கய்யா அங்கே வரப்போகிறேன்?" என்று அமைச்சர் சிரித்தார்.

பௌர்ணமியும் வந்தது. வழக்கம்போல மாநாட்டில் வரவேற்புரைக்கு ஒருவர் நன்றி சொன்னார், அந்த நன்றிக்கு இன்னொருவர் நன்றி சொன்னார். பகோடா மட்டும் நேரத்துக்கு வந்தது. வெளியே பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. யாரும் தேடி வரவில்லை. ஏகாம்பரம் கதவருகே நின்று நகத்தைக் கடித்தான்.

அந்த நேரம் பார்த்து, பட்டத்து யானை முதுகைச் சொறிந்துகொள்ள அரண்மனைக் கம்பத்தில் சாய்ந்தது. கேபிள் அறுந்தது. திரையில் சேவல் காலைத் தூக்கியபடியே நின்றுவிட்டது.

"உம் மைத்துனரைக் கூப்பிடும்!" என்று ராஜா அலறினார்.

அமைச்சர் கம்பெனிக்குப் போன் போட்டார். ஒரு பெண்குரல் தேனாக வழிந்தது: "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியமானது. தயவுசெய்து காத்திருக்கவும்." ராஜா காத்திருந்தார். ராஜாவுக்கு அது புது அனுபவம்.

கடைசியில் மைத்துனரே வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார்.

"கேபிளை ஒட்ட ஆள் எங்கே?" என்றார் ராஜா.

"எங்களிடம் பில் போட ஆள் இருக்கிறது மகாராஜா, கம்பத்தில் ஏற இல்லை. அந்தந்தத் தெரு ஆபரேட்டர்தான் எங்கள் லைனையும் ஒட்டித் தருவார். அரண்மனைத் தெருவுக்குப் பொன்னையா."

"அவன் எங்கே?"

"மாநாட்டில். முன்வரிசையில்."

ராஜா அமைச்சரைப் பார்த்தார். அமைச்சர் தரையைப் பார்த்தார். பிறகு மண்டபத்துக்கு நடந்தார். பொறுக்கமாட்டாமல் ராஜாவும் பின்னாலேயே போனார்.

அமைச்சர் கதவைத் தட்டினார். "ஏகாம்பரம், பொன்னையாவை அனுப்பு."

உள்ளிருந்து தேனாக ஒரு குரல் வந்தது: "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியமானது. எங்கள் ஆட்கள் அனைவரும் தற்போது மாநாட்டில் உள்ளனர். தயவுசெய்து காத்திருக்கவும்."

ராஜா கோழியை மறந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "லைசென்ஸெல்லாம் அவர்களுக்கே இருக்கட்டும். உனக்கு என் முத்துமாலை. கதவைத் திற, ஏகாம்பரம்."

கதவு திறந்தது. பொன்னையா ஏணியோடு ஓடினார்.

"அமைச்சருக்கு என்ன, மகாராஜா?" என்று கேட்டான் ஏகாம்பரம்.

"அவர் காத்திருக்கட்டும்."