படையலுக்கு வந்த சூப்பர் மார்க்கெட் விஸ்கி

லண்டனில் உணவகம் நடத்திய சிங்காரவேலு, இறந்துபோன அப்பாவின் நினைவுநாள் படையலுக்கு விஸ்கி வாங்கிவரச் சமையல்காரி மரகதத்தை அனுப்பினார். அவள், சூப்பர் மார்க்கெட் தன் பெயரிலேயே மலிவாக விற்கும் சிங்கிள் மால்ட் விஸ்கியைக் கொண்டுவந்தாள்.

“இந்தச் சரக்கை எங்கப்பா தொடவே மாட்டார். தொடலைன்னா உனக்கு வேலை கிடையாது.”

“உங்க அலமாரியில இருக்கற ஒசத்தி மால்ட்டையும் வைப்போம் முதலாளி. பெரியவரே சொல்லட்டும்.”

முதலாளியம்மா பார்த்திருக்க, மரகதம் இரண்டு டம்ளர்களில் ஊற்றி, ஒன்றின் அடியில் மட்டும் குங்குமப் பொட்டு வைத்தாள். படைத்ததும் வழக்கப்படி எல்லோரும் வெளியே வந்தார்கள். சிங்காரவேலு கதவைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டார்.

திறந்தபோது குத்துவிளக்கின் சுடர் யாரோ கடந்துபோனதுபோல் ஆடியது. ஒரு டம்ளர் காலி. அதன் விளிம்பில் உதடு பட்ட ஈரம் இருந்தது.

மற்றதை வாசலுக்கு எடுத்துவந்து ஒரு வாய் குடித்த சிங்காரவேலு முகம் சுளித்தார். “தூ! இந்த மட்டச் சரக்கை அப்பா எப்படிக் குடிப்பார்? கிளம்பு நீ.”

“அடியில பாருங்க முதலாளி.”

பொட்டு இருந்தது.

“அது நம்ம ஒசத்தி பாட்டில்ல ஊத்தினதுங்க,” என்றார் முதலாளியம்மா.

சிங்காரவேலு மரகதத்தை முறைத்தார். “அப்ப உன் சரக்கை யாருடி குடிச்சது?”

“சாவி உங்க மடியிலதானே இருந்துச்சு?”

ஆளில்லாத அறைக்குள்ளிருந்து கரகரத்த குரல் ஒன்று கேட்டது:

“சிங்காரம், அடுத்த வருஷமும் அந்தப் பொண்ணே வாங்கிட்டு வரட்டும்.”