மன்னர் முதுகில் பட்ட பாதம்

தீராத நாவன்மை வாய்ந்தவரும், ஐம்பத்தொன்பது வயது நிரம்பி அறுபதில் அடியெடுத்து வைத்தவரும், மருதமங்கலத்து அரசவையில் விகடம் பேசியே வீடு கட்டியவருமாகிய ஸ்ரீமான் ஆபத்சகாயர், ஒரு வாரமாகக் குனிந்தே நடந்துகொண்டிருந்தார்.

அவர் மட்டுமல்லர். அமைச்சர் குனிந்து நடந்தார். சேனாதிபதி குனிந்து நடந்தார். அவருடைய வாள் தரையைக் கீறிக்கொண்டே பின்னால் வந்தது. வாயிற்காவலர் குனிந்தபடியே ஈட்டி பிடித்து நின்றனர்.

காரணம் யாதெனின், மன்னர் விசயமகுட பூபதி விருந்தொன்றில் கீழே விழுந்த ஒரு முந்திரிப்பருப்பை, எவரும் பாராத வேளையில் எடுத்து வாயில் போட்டுக்கொள்ளக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது. மன்னர் தலையைவிட உயரமாக எவர் தலையும் இருத்தலாகாது என்பது அந்நாட்டு மரபு. ஆகவே மன்னர் குனிந்த கணமே அரசவை முழுவதும் குனிந்தது.

"இன்னும் சில நாள் போனால் நான் நெற்றியால்தான் நடக்கவேண்டும்" என்று ஆபத்சகாயர் மனைவியிடம் முனகினார்.

அரண்மனை வைத்தியர் கார்மேகப் பண்டிதர் கஷாயம் கஷாயமாகக் கொடுத்தார். மன்னருடைய நாக்குத்தான் கறுத்தது, முதுகு அசையவில்லை. பொறுக்கமாட்டாத ஆபத்சகாயர் தெற்கே ஆளனுப்பி, தொக்கணம் என்னும் உடல் நீவும் வைத்தியத்தில் பேர்போன பூதலிங்க ஆசானை வரவழைத்தார்.

ஆசான் பனைமரம் போன்ற ஆள். அவரையும் வாயிலிலேயே குனியச் செய்தனர். "வைத்தியனுக்கே வலி வரவழைக்கும் ஊரா இது?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தவர், மன்னர் இடுப்பை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"இது கைக்கு அடங்காது பிரபு. உத்தரத்தில் கயிறு கட்டவேண்டும். தாங்கள் எண்ணெய் பூசிக் குப்புறப் படுக்கவேண்டும். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காலால் மிதித்து நீவுவேன். ஒரு நாழிகைதான். எழுந்து ஓடுவீர்கள்."

இதற்காகவே காத்திருந்தவர் போலக் கார்மேகப் பண்டிதர் துள்ளினார். குனிந்தபடி துள்ளியதால் தவளை துள்ளியது போலிருந்தது.

"காலாலா! மன்னர் மேனியில் எவன் கால் படுகிறதோ, அந்தக் காலை வெட்டுக என்பது தங்கள் பாட்டனார் இட்ட சட்டமாயிற்றே!"

ஆசான் தம் பாதங்களைக் கவலையோடு நோக்கினார். "இரண்டும் எனக்கு வேண்டும் பிரபு. ஊர் வெகு தூரம்."

மன்னர் வலியில் சீறினார். "ஓய் ஆபத்சகாயரே! இவரை அழைத்தது நீர்தானே? இவர் என்னை மிதிக்கவும் வேண்டும். பாட்டனார் சட்டமும் நிற்கவேண்டும். நாளைக் காலை வழி சொல்லும். இல்லையேல், இவர் தம் கால்களைக் கழற்றி வைத்துவிட்டுப் போகட்டும். நீர் அவரைத் தூக்கிக்கொண்டு போம்!"

பனைமர ஆசானின் பாரத்தை எண்ணியபோதே ஆபத்சகாயருக்கு இடுப்பு இன்னொரு முறை பிடித்தது.

மறுநாள் விடியலில், ஊருக்குப் புறப்பட்ட மருமகன் அவர்முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்கினான். ஆபத்சகாயர் ஆசி கூற மறந்து அவன் முதுகையே உற்றுப் பார்த்தார்.

"மாமா, ஆசி?"

"அப்படியே கிட. அசையாதே. அடடா, என்ன அருமையான படுக்கை!" என்று கூவியவர், மேல்துண்டைக்கூட மறந்து அரண்மனைக்கு ஓடினார்.

அங்கே பண்டிதர் ஏற்பாட்டின்படி ஒருவன் கோடரியோடு குனிந்து நின்றிருந்தான்.

"வேந்தே, முடிசூட்டு நாளில் தங்கள் குரு தம் பாதத்தைத் தங்கள் தலைமேல் வைத்தாரே, அந்தப் பாதம் இப்போது எங்கே?" என்று கேட்டார் ஆபத்சகாயர்.

"அவரோடுதான் காசிக்குப் போயிருக்கிறது."

"வெட்டவில்லையே?"

"என்ன பேச்சு ஐயா இது! அது திருவடி தீட்சை. குருவின் பாதம் படுவது பாக்கியம். பாட்டனாரே பெற்றிருக்கிறார்."

"அப்படியானால் ஆசானிடம் தாங்கள் ஓர் உபதேசம் பெற்றுக்கொள்ளுங்கள்."

"எண்ணெய் தேய்ப்பவருக்கு என்ன உபதேசம் தெரியும்?" என்றார் பண்டிதர்.

ஆசான் சற்றே யோசித்து, மன்னர் காதருகே சொன்னார்: "மூச்சைப் பிடித்துக்கொண்டிராதே. விடு."

மன்னர் விட்டார். "ஆகா! ஒரு வாரமாக இதையல்லவா பிடித்துக்கொண்டிருந்தேன்!"

"மன்னரை ஒருமையில் பேசுகிறார்!" என்று அலறினார் பண்டிதர்.

"குரு தம் சீடனிடம் வேறெப்படிப் பேசுவார்?" என்ற ஆபத்சகாயர் மன்னர் பக்கம் திரும்பினார். "வேந்தே, உபதேசம் பெற்ற சீடன் இனி என்ன செய்யவேண்டும்?"

"நெடுஞ்சாண்கிடையாக விழவேண்டும்" என்றார் மன்னர். நால்வர் தாங்கிப் பிடிக்க, கயிற்றின் கீழே விழுந்தார்.

மன்னர் படுத்தபின் வேறெவர் தலை உயர்ந்திருக்கலாம்? அமைச்சர் படுத்தார். சேனாதிபதி படுத்தார். கோடரிக்காரனும் கோடரியைத் தலைக்கு வைத்துப் படுத்தான். கருவாடு காயப்போட்டது போல அரசவை முழுவதும் வரிசையாகக் கிடந்தது. குருவுக்கு அம்மரபு கிடையாதாகையால் ஆசான் ஒருவர் மட்டும் நிமிர்ந்து நின்று, கயிற்றைப் பற்றி அருள்பாலிக்கலானார். அருள் பிடரியில் தொடங்கித் தோளுக்கு இறங்கி, முதுகெலும்பின் இருமருங்கும் உருண்டது.

"தீட்சைக்கு ஒருமுறை பட்டால் போதாதா?" என்று தரையிலிருந்து புலம்பினார் பண்டிதர்.

"பாவம் எவ்வளவோ, அவ்வளவு நேரம். அரசாட்சியென்றால் சும்மாவா?" என்றார் பக்கத்தில் கிடந்த ஆபத்சகாயர்.

'டக்'கென்று ஒரு சத்தம் கேட்டது. மன்னரிடம் அசைவில்லை.

"கொன்றுவிட்டார்! கோடரி எங்கே?" என்று கூவினார் பண்டிதர்.

அப்போது தரையோடு தரையாக மன்னர் குரல் எழுந்தது. "குருவே, இடப்பக்க இடுப்பிலும் அடியேனுக்குக் கொஞ்சம் பக்தி இருக்கிறது. அங்கேயும் அருளவேண்டும்."

அருளினார். மன்னர் எழுந்தார், தேக்குத் தூணைப்போல் நிமிர்ந்தார். அவரோடு அவையும் நிமிர்ந்தது. எழும்பிய எலும்புச் சத்தம் முறுக்குப் பானை உருண்டது போலிருந்தது. பண்டிதரால் மட்டும் எழ இயலவில்லை.

"குருவே, நானும் சீடன்தான்..." என்றார் தீனமாக.

"உமக்குத்தான் கஷாயம் இருக்கிறதே!" என்றார் ஆபத்சகாயர்.

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். வெட்டுப்படவிருந்த அந்த இரு பாதங்களுக்கும் பொற்கழல் பூட்டினார். "உமக்கு என்ன வேண்டும், ஆபத்சகாயரே?"

"ஒரே உரிமைதான் வேந்தே. இனிமேல் கீழே விழும் முந்திரிப்பருப்பைத் தங்களுக்குப் பதிலாக அடியேனே எடுத்துத் தின்னவேண்டும்."

அவ்வுரிமை அக்கணமே வழங்கப்பெற்று, விகாரி ஆண்டு ஐப்பசித் திங்கள் பதினேழாம் நாள், எண்ணெய் முழுக்குக்கு உகந்த சனிக்கிழமை, உச்சிப்பொழுதுக்கு முன்பாக மருதமங்கலத்து அரசவை நிமிர்ந்தது.