டொக் டொக் பெட்டி

ஒரு ஊர்ல ஒரு டிவிடி பெட்டி இருந்துச்சாம். ராஜா இல்லையான்னு கேக்காதே. இந்தக் கதைல பெட்டிதான் ராஜா. ஓடணும்னு நெனச்சா ஓடும், இல்லேன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். ம் கொட்டு, அப்பத்தான் மேல சொல்லுவேன்.

ம்... அப்படித்தான்.

அந்தப் பெட்டி யாரு வீட்ல இருந்துச்சு? மன்னார்குடிக்குப் பக்கத்துல தையல்நாயகின்னு ஒருத்தி, அவ வீட்ல. அவ புருஷன் கலியமூர்த்தி சிங்கப்பூர்ல கப்பல் கட்டுற எடத்துல வேலை பாத்தாரு. அவுங்களுக்கு ஒரே பொண்ணு, அல்லி. அல்லி வயித்துல இருக்கும்போதே அவரு பிளேன் ஏறிட்டாரு. அதனால அல்லிக்கு அப்பான்னா போன்ல கேக்குற ஒரு கரகர சத்தம், அவ்வளவுதான். போனைக் காதுல வச்சா, "இது யாரும்மா?"ன்னு கேப்பா.

அப்புறம் ஒரு நாள், கூட வேலை பாக்குறவரு லீவுல வந்தப்போ, கலியமூர்த்தி ஒரு பெட்டியும் ஒரு டிஸ்க்கும் குடுத்தனுப்பினாரு. வெள்ளிக் கலர்ல பளபளன்னு பெட்டி. பட்டனை அழுத்துனா, பழிப்புக் காட்டுற மாதிரி நாக்கை நீட்டும். நாக்கு மேல டிஸ்க்கை வச்சா உள்ள இழுத்துக்கும். சர்ர்ர்... சர்ர்ர்... அப்புறம் டிவில கலியமூர்த்தி வந்து நிப்பாரு! அவரு தங்கியிருக்குற ரூம்ல, கூட்டாளி யாரோ படம் புடிச்சது. "அல்லிக்குட்டி, சாப்பிட்டியா? அப்பா பாரு, அப்பா"ன்னு சிரிப்பாரு. கடைசில குனிஞ்சு, ரெண்டு கையையும் நீட்டி, "வாடி என் தங்கம்!"னு கூப்பிடுவாரு.

அல்லி அப்படியே வாயப் பொளந்துட்டா. அன்னைலேந்து வெளக்கு வச்சதும் டிவி முன்னாடி சப்பணம் போட்டு உக்காந்துடுவா. "அம்மா, அப்பா போடு."

மூணு மாசம் நல்லாத்தான் ஓடுச்சு. அப்புறம் பெட்டிக்குக் கொழுப்பு ஏறிப்போச்சு. எங்க நிக்கக்கூடாதோ அங்க வந்து நிக்கும். அப்பா குனிவாரு, கையை நீட்டுவாரு, "வா..."ம்பாரு. அத்தோட சரி. தெறந்த வாய் தெறந்தபடி, மூஞ்செல்லாம் கட்டம் கட்டமா, அப்படியே நிப்பாரு.

அப்போ அல்லி என்ன பண்ணுவா தெரியுமா? குடுகுடுன்னு ஓடி, வெரலை மடக்கி, பெட்டி மண்டைல டொக், டொக். "...டி என் தங்கம்!"னு அப்பா மறுபடி ஓடுவாரு. அல்லி கையத் தட்டிக்கிட்டுக் குதிப்பா. அவ என்ன நெனச்சுக்கிட்டா? அப்பான்னா அப்படித்தான், நடுவுல நின்னுடுவாரு, நாமதான் தட்டி எழுப்பணும்னு நெனச்சுக்கிட்டா. சின்னப்புள்ள தானே.

ம் எங்க?

ம்... சரி. அப்புறம் ஒரு நாள் பக்கத்து வீட்டு ராஜாமணி அக்கா வீட்டுக்கு போன் வந்துச்சு. தையல்நாயகி ஓடிப்போய் எடுத்தா.

"தையலு, லீவு குடுத்துட்டாங்க. பொங்கலுக்கு வந்துடுவேன்."

அவளுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.

"புள்ளைக்கு என்னைத் தெரியுமா?"

"தெனமும் பாக்குறாளே, தெரியாம என்னங்க?"

"என்னைப் பாத்து மெரண்டு அழுதுட்டான்னா, நான் தாங்கமாட்டேன் தையலு."

போனை வச்சதும் அவளுக்குப் பயம் வந்துடுச்சு. ஏன்னா மேலத்தெருவுல ஒரு விஷயம் நடந்திருந்துச்சு. செங்கமலத்தோட புருஷன் துபாய்லேந்து வந்தாரு. அவரு பையன் அவரைப் பாத்து, "மாமா, இருட்டிடுச்சு, உங்க வீட்டுக்குப் போங்க"ன்னு சொல்லிட்டான். அந்த மனுஷன் வெளிய போய் வேப்பமரத்தடில நின்னுக்கிட்டே இருந்தாராம். லீவு முடிஞ்சு போறவரைக்கும் அந்தப் பையன் அவரு மடில உக்காரவே இல்ல. தையல்நாயகிக்கு அந்த வேப்பமரம் கண்ணு முன்னாடியே வந்து நின்னுச்சு. 'சாமி, பொங்கல் வரைக்கும் இந்தப் பெட்டி ஓடட்டும்'னு வேண்டிக்கிட்டா.

பெட்டி கேட்டுச்சா? அது எங்க கேக்கும், கழுதை!

மறுநாளே கர்ர்ர்... கர்ர்ர்... க்ளிக். டிவில 'நோ டிஸ்க்'னு எழுதிக் காட்டுச்சு.

"உள்ள வச்சிருக்கேனே, உனக்குக் கண்ணு தெரியலையா?"ன்னு தையல்நாயகி பெட்டிகிட்ட சண்டைக்குப் போனா. மறுபடி வச்சா. கர்ர்ர்... க்ளிக். முந்தானையால தொடச்சு வச்சா. க்ளிக்.

அப்போ தெருவுல இருக்குறவங்க எல்லாம் ஆளாளுக்கு வந்துட்டாங்க. தபால்காரர் சொன்னாரு, "எங்க வீட்டுப் பெட்டிய தலைகீழா கவுத்து வச்சாத்தான் ஓடும்." டீச்சரம்மா சொன்னாங்க, "எங்களது ஒரே வாரத்துல போயிடுச்சு, இப்ப அது மேல பூச்சாடி வச்சிருக்கோம்." ராஜாமணி அக்காவுக்கு மட்டும் ஒரே பெருமை. "எங்களது வாங்கி நாலு வருஷம் ஆச்சு, ஒரு நாள் மக்கர் பண்ணதில்ல"ன்னாங்க. "அப்போ அதுலயே போட்டுப் பாப்போம்க்கா"ன்னு தையல்நாயகி டிஸ்க்கத் தூக்கிக்கிட்டு ஓடினா. போட்டா, அந்தப் பெருமைக்காரப் பெட்டி டிஸ்க்க அப்படியே வெளிய துப்பிடுச்சு. ராஜாமணி அக்காவுக்கு மூஞ்சி இவ்வளவூண்டு ஆயிடுச்சு. "பல்லு வெளக்குற பேஸ்ட்டு தடவித் தொடச்சுப் பாரு"ன்னு மெதுவா சொன்னாங்க.

தடவினா. நடுவுலேந்து ஓரம், நடுவுலேந்து ஓரம்னு பஞ்சால தொடச்சா. வீடெல்லாம் புதினா வாசம். உள்ள தள்ளினா. சர்ர்ர்... அப்பா வந்துட்டாரு! "வா..." நின்னாரு. டொக், டொக். "...டி என் தங்கம்!" அப்பாடான்னு உக்காந்தா.

அது ஒரு கண்டம். தாண்டியாச்சு.

அப்புறம் மழைக்காலம் வந்துச்சு. ஒரு நாள் சாயங்காலம், படம் ஓடிக்கிட்டே இருக்கு, படார்! கரண்டு போச்சு. திரும்பி வந்தப்போ லைட்டெல்லாம் குபீர்னு எரிஞ்சு அடங்குச்சு. பெட்டிலேந்து ஒரு தீஞ்ச வாசம். பட்டனை அழுத்துனா நாக்கை நீட்டல. ஒரே ஒரு டிஸ்க்கு, அதுவும் உள்ள மாட்டிக்கிச்சு.

மறுநாள் காலைல பெட்டிய துண்டுல சுத்தி இடுப்புல ஒரு பக்கம், அல்லி இன்னொரு பக்கம், தையல்நாயகி டவுன் பஸ் ஏறினா. பஸ்ஸு பள்ளத்துல எறங்கும்போதெல்லாம் பெட்டியத்தான் இறுக்கிப் புடிச்சா. ரேடியோ கடை அன்வர் பாய் மூடியக் கழட்டி, கொறட்டால பல்லுப் புடுங்குற மாதிரி டிஸ்க்க வெளிய எடுத்தாரு. கடைல இருந்த பெட்டிலெல்லாம் போட்டுப் பாத்தாரு. ஒண்ணு கூட அதைச் சேத்துக்கல.

"வீட்டுல பதிஞ்ச டிஸ்க்கும்மா. இந்தப் பெட்டிக்குத்தான் அது பழக்கம்."

"அப்போ இதையே எப்படியாவது ஓட வச்சுக் குடுங்க பாய்."

அவரு செத்துப்போன இன்னொரு பெட்டிலேந்து எதையோ கழட்டி இதுல மாட்டினாரு. சர்ர்ர்... ஓடுச்சு! ஆனா அவரு மூஞ்சில சிரிப்பே இல்ல. மூடி மேல வெரல வச்சு, "இங்க யாரும்மா தட்டுறது?"ன்னு கேட்டாரு.

அல்லி பெருமையா கையத் தூக்கினா.

"தட்டித் தட்டியே உள்ள எல்லாம் ஆடிப்போச்சு. இனிமே ஒரு தட்டு தட்டினாலும் அவ்வளவுதான், என்கிட்ட கொண்டுவராதீங்க."

தூங்கிட்டியா? இல்லையா? கண்ண மூடிக்கிட்டே கேளு.

அன்னைலேந்து தையல்நாயகி "தட்டாதே"ன்னு சொல்ல ஆரம்பிச்சா. அல்லி எந்திரிக்கும்போதே "தட்டாதே". கையத் தூக்குனா "தட்டாதே". அப்பா வருவாரு, சாப்பிட்டியாம்பாரு, குனிவாரு, "வா..."ன்னு நிப்பாரு. அப்புறம் நகரவே மாட்டாரு. அல்லி ரெண்டு கையையும் தொடைக்கு அடில வச்சு அமுக்கிக்கிட்டு, அந்தத் தெறந்த வாயவே பாத்துக்கிட்டு இருப்பா. தையல்நாயகி டிவிய அணைச்சுடுவா. புள்ள எந்திரிச்சுப் போயிடும். பெத்தவளுக்கு அதப் பாக்கப் பாக்க நெஞ்செல்லாம் எரியும்.

மார்கழி பாதி போச்சு. அப்போ ஒரு நாள் அல்லி அம்மா தாடையப் புடிச்சுக் கெஞ்சினா. "அம்மா, ஒரே ஒரு தட்டு. அப்பாவுக்குக் கை வலிக்கும்மா, எவ்வளவு நேரம் நீட்டிக்கிட்டே இருப்பாரு?"

நீயா இருந்தா என்ன சொல்லியிருப்பே? தையல்நாயகிக்கு மனசு கேக்கல. "சரி, மெதுவா"ன்னா.

அல்லி எந்திரிச்சா. வெரலை மடக்குனா. பூவத் தொடுற மாதிரித்தான் தொட்டா. டொக், டொக்.

கிரீச்ச்ச்!

டிவி நீலமாச்சு. அப்பா போயிட்டாரு. உள்ள எதுவோ டடடடன்னு அடிச்சுச்சு, அப்புறம் அதுவும் நின்னுபோச்சு. பட்டனை அழுத்துனா லைட்டு கூட எரியல. மூடியத் தெறந்து பாத்தா டிஸ்க்கு ரெண்டா வெடிச்சுக் கெடக்கு.

அல்லி அழல. தன் கையத் திருப்பித் திருப்பிப் பாத்தா.

"அம்மா, நான் அப்பாவ ஒடச்சிட்டேனா?"

"இல்லடி, பெட்டிதான் ஒடஞ்சுது. அப்பா ஊர்ல நல்லா இருக்காருடி"ன்னு தையல்நாயகி எவ்வளவோ சொல்லிப் பாத்தா. புள்ள நம்பல. அதுக்கப்புறம் வெளக்கு வச்சா டிவி பக்கமே வரமாட்டா. "அப்பா போடு"ன்னு கேக்கவே இல்ல. கல்யாணப் போட்டோவக் காட்டி "இது யாரு?"ன்னா, "தெரியாது"ன்னு மூஞ்சியத் திருப்பிக்குவா. போச்சு, எல்லாம் போச்சுன்னு தையல்நாயகி அடுப்படில நின்னு அழுதா. செங்கமலம் வீட்டு வேப்பமரம் இப்ப நம்ம வாசலுக்கே வந்துடுச்சேன்னு அழுதா.

ம்... கேக்குறியா?

போகிக்கு மொத நாள், நல்ல வெயில்ல, வாசல்ல கார் வந்து நின்னுச்சு. கலியமூர்த்தி எறங்கினாரு. படத்துல பாத்த ஆளா அது? மீசைய எடுத்துட்டாரு, எளச்சிருந்தாரு, கண்ணாடி வேற போட்டிருந்தாரு. தெருவே கூடிடுச்சு. அல்லி ஓடிப்போய் அம்மா புடவைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டா.

அவரு பைலேந்து சாக்லேட்டு எடுத்து நீட்டுனாரு. அல்லி தலைய ஆட்டிட்டா.

அப்புறம் கண்ண மூடித் தெறக்குற பொம்மைய எடுத்து நீட்டுனாரு. பாத்தா, வாங்கல. புடவைய இன்னும் இறுக்கிக்கிட்டா.

"யாரு வந்திருக்கா பாரு, உங்கப்பாடி!"ன்னு ராஜாமணி அக்கா புள்ளயப் புடிச்சு முன்னாடி தள்ளுனாங்க. அவ்வளவுதான், வீல்னு கத்திட்டா. "இது அப்பா இல்ல! அப்பா ஒடஞ்சுட்டாரு!"

கலியமூர்த்திக்கு மூஞ்சி செத்துப்போச்சு. பொம்மைய மெதுவா கீழ வச்சாரு. வாசப்பக்கம் ஒரு தரம் திரும்பிப் பாத்தாரு. தையல்நாயகிக்கு அந்த வேப்பமரம்தான் ஞாபகம் வந்துச்சு. 'போயிடாதீங்க, வெளிய போய் நின்னுடாதீங்க'ன்னு மனசுக்குள்ளயே கத்துறா.

அவரு போகல. கடைசியா ஒரு தரம்னு குனிஞ்சாரு. ரெண்டு கையையும் நீட்டுனாரு. கூப்பிட வாயத் தெறந்தாரு.

"வா..."

அத்தோட சரி. அழுகை முட்டிக்கிட்டு வருது, வார்த்தை வரல. நீட்டுன கை நீட்டுனபடி, தெறந்த வாய் தெறந்தபடி, அப்படியே நிக்கிறாரு.

புடவைக்குப் பின்னாடிலேந்து ஒரு கண்ணு மட்டும் எட்டிப் பாத்துச்சு. அப்புறம் மூக்கு. அப்புறம் முழு மூஞ்சி. அல்லி ஒரு அடி வச்சா. நின்னா. இன்னொரு அடி வச்சா. அவரு தெறந்த வாயவே பாத்தா. நீட்டுன கையப் பாத்தா. அப்புறம் தன் கையத் தூக்கி, வெரலை மடக்குனா.

பழக்க தோஷத்துல தையல்நாயகிக்கு "தட்டாதே"ன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. முழுங்கிட்டா.

அல்லி பயந்து பயந்து, அவரு மண்டைல, டொக்... டொக்.

"...டி என் தங்கம்!"னு கலியமூர்த்தி ஓன்னு வெடிச்சு அழுதுட்டாரு!

அல்லி ஒரு குதி குதிச்சா பாரு! "அம்மா! அப்பா ஓடுறாரும்மா! அப்பா ஒடையலம்மா!"ன்னு கத்திக்கிட்டே அவரு கழுத்தக் கட்டிக்கிட்டா. அதுக்கப்புறம் எறங்கவே இல்ல. சாப்பிடும்போது மடில, தூங்கும்போது நெஞ்சுல. அவரு புதுசா வாங்கிட்டு வந்த டிவிடி பெட்டி கட்டுப் பிரிக்காம அலமாரி மேல ஏறிடுச்சு. பழைய பெட்டிய மட்டும் போகில போடாம தையல்நாயகி தொடச்சு வச்சுக்கிட்டா. அவ்வளவு பாடு படுத்துன பெட்டிதான், இருந்தாலும் தூக்கிப் போட அவளுக்கு மனசு வரல.

அவ்வளவுதான் கதை. என்ன, என் தோளத் தட்டுறியா? எத்தனை தட்டு தட்டினாலும் இந்தப் பெட்டி இனிமே ஓடாது. இதுக்கும் தூக்கம் வந்துடுச்சு. போர்வைய இழுத்துக்க, கண்ண மூடு.