அலை செய்த வணக்கம்

முன்னொரு காலத்தில், கடலுக்கும் சட்டம் போடலாம் என்று நம்பிய அரசர் ஒருவர் இருந்தார். அரசி இறந்தபின் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க ஆளில்லை. எல்லாரும் குனிந்தே நின்றார்கள். ஒருநாள் அவர், "என் முகத்தை நானாவது பார்க்கிறேன். கடலில் ஒரு மூலை அசையாமல் நிற்கட்டும்," என்றார். கண்ணாடி போதாதா என்று கேட்க அவையில் யாருக்கும் துணிவில்லை.

முதலமைச்சர் விசயராயர் கடலோரத்தைக் கருங்கல் சுவரால் வளைத்தார். நடுவில் அரசர் படகு நுழையுமளவு ஒரே வாசல். "உள்ளே வரும் அலை அம்புபோல் நேரே போய்விடும். இரு ஓரமும் பளிங்காய் நிற்கும்," என்றார். அரண்மனை வாசலில் இருந்த ஆணையையே இங்கும் கல்லில் பொறித்தார்: 'இவ்வாசலில் நுழைவோர் எவராயினும், இடமும் வலமும் உள்ள பெரியோர் அனைவரையும் வணங்கியே செல்க.'

அரசர் சுவரின் மறைவில் அமர்ந்து நீரைப் பார்த்தார். வாசலில் நுழைந்த அலையோ விசிறியாய் விரிந்து, சுவர்முனையைச் சுற்றி வளைந்து வந்து அவர் முகத்தைக் கலைத்தது.

"விகடகவி அம்பலவன் நேற்று சுவரைப் பார்த்துச் சிரித்தான், அரசே. அந்தத் துணிச்சலில்தான் அலை கெட்டுப்போயிற்று," என்றார் விசயராயர்.

அரசர் அம்பலவனை அழைத்தார். "அலை ஏன் வளைகிறதென்று நாளை மாலைக்குள் சொல். இல்லையேல் படகேறி நாட்டைவிட்டுப் போ."

மறுநாள் மாலை அம்பலவன் துணிமூட்டையோடு அவைக்குத் தனியே வந்தான்.

"அலைமேல் குற்றமில்லை, அரசே. வெளியே நேராகத்தான் வருகிறது. வாசலில் அமைச்சர் ஆணை இருக்கிறது. அதனால் இடப்பக்கம், வலப்பக்கம், மறைவில் ஒதுங்கியவர் என்று ஒருவர் காலையும் விடாமல் தொட்டு வணங்குகிறது. இவ்வளவு பணிவான குடியை இந்நாட்டில் நான் கண்டதில்லை."

"அலைக்கு வாசிக்கத் தெரியுமா?" என்று சீறினார் விசயராயர்.

"எவராயினும் என்று எழுதியவர் தாங்கள். வாசிக்கத் தெரியாதவருக்கு விலக்கு எழுதவில்லையே, ஐயா."

"வாசலை அடைத்துவிட்டால்?" என்றார் அரசர்.

"நீர் அசையாது. தங்கள் முகம் தெளிவாய்த் தெரியும். வேறொரு முகமும் அந்தப் பக்கம் வராது. அந்த வாழ்க்கை தங்களுக்குப் புதிதா, அரசே?"

அரசர் மெல்லச் சிரிக்கத் தொடங்கி, கண்ணில் நீர் வரச் சிரித்தார். உடனே இடமும் வலமும் எல்லாரும் சிரித்தார்கள். அவர் நிறுத்தினார், அவர்களும் நிறுத்தினார்கள்.

"சுவரை இடியுங்கள், விசயராயரே," என்றவர் திரும்பினார். "நீ ஏன் சிரிக்கவில்லை, அம்பலவா?"

"என்னை வழியனுப்ப யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன், அரசே."

"வந்தார்களா?"

"இல்லை."

அரசர் தம் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். பிறகு ஆசனத்தில் சற்று நகர்ந்து, "மூட்டையைக் கீழே வை. இப்படி உட்கார்," என்றார்.