தேர் முக்கில் கைமாறிய கொடி

கிழக்கு வீதி முக்கில் தேர் நின்றது. வேட்டும் மேளமும் காதைப் பிளந்தன. மடத்து மேலாளர் அம்பலவாணனுக்கு வயது ஐம்பத்தெட்டு; அவருடைய குருவான மடாதிபதிக்கு முப்பத்தொன்று. ஞானம் வயதுப்படி வரிசையில் நிற்பதில்லை போலும்.

அம்பலவாணன் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"சாமி, சாத்தையா அடுத்த வருஷம் வரமாட்டானாம்! பக்கத்து ஊர்த் தேருக்குப் போறானாம்!"

தேருக்குச் சுக்கான் கிடையாது. ஓடும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போட்டுத்தான் திருப்ப வேண்டும். பதினாறு வருஷமாக அதில் சாத்தையாவுக்கு நிகர் ஆளில்லை.

"நீர் என்ன செய்தீர்?"

"பொன்னாடை போர்த்தினேன். மைக்கில் பாராட்டினேன். ஆட்களை ஊக்குவிப்பது எப்படின்னு மூணு புத்தகம் படிச்சேன், சாமி!"

"மூன்றுமா? பாவம், சாத்தையா. அவருக்கு என்ன வேண்டுமாம்?"

அதை அம்பலவாணன் கேட்கவே இல்லை. மூன்று புத்தகத்திலும் முதல் பக்கத்திலேயே இருந்த கேள்வி அது.

குரு சாத்தையாவை அழைத்துக் கேட்டார்.

"ஒரு முக்குலயாவது நான் கொடி காட்டணும், சாமி. தேர் திரும்புறது எனக்கு அத்துப்படி. ஆனா சக்கரத்தடியிலேயே கிடந்து, திரும்புறதை ஒரு நாளும் நின்னு பார்த்ததில்லை."

வடம் இழுப்போருக்கு எப்போது இழுப்பது, எப்போது நிறுத்துவது என்று காட்டும் கொடி இருபது வருஷமாக அம்பலவாணன் கையில்தான் இருந்தது. குரு அதைச் சாத்தையாவிடம் கொடுக்கச் சொன்னார்.

"அப்போ கட்டை யார் போடுவது?" என்றார் அம்பலவாணன்.

"எதிர்ச் சக்கரத்து இருளப்பன். இவர் பழக்கிய ஆள்தானே?"

"நான்?"

"வடம் நீளமாகத்தான் இருக்கிறது. இடம் கிடைக்கும்."

கொடி உயர்ந்தது. ஆயிரம் கைகள் இழுத்தன. தேர் குலுங்கியது, நகர்ந்தது, சாய்வதுபோல் சாய்ந்து திரும்பியது! வடத்தில் தொங்கிய அம்பலவாணன் தம்மை மறந்து கூச்சல் போட்டார்.

மறுநொடி, படார்! ஜவுளிக்கடைப் பெயர்ப்பலகை தேரில் சிக்கித் தெருவில் விழுந்தது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

சாத்தையா முகம் வெளிறி வந்து கொடியை நீட்டினார். "நீங்களே வச்சுக்குங்கய்யா. எனக்குக் கட்டை போதும்."

அம்பலவாணன் கை கொடிக்கு நீண்டது.

"அம்பலவாணரே, நீர் கொடி பிடித்த முதல் வருஷம் தேர் எதில் இடித்தது?" என்றார் குரு.

"வக்கீல் வீட்டு மாடியில், சாமி. கைப்பிடிச் சுவரே போச்சு."

"அன்று மடாதிபதியாக இருந்த பெரியவர், கொடியைத் திரும்ப வாங்கிக்கொண்டாரா?"

நீட்டிய கையாலேயே அம்பலவாணன் சாத்தையாவின் விரல்களைக் கொடிக்கம்பைச் சுற்றி மூடினார்.

"அடுத்த முக்கில் நாலடி முன்னாலேயே கொடியை இறக்குங்க" என்றவர், வடத்தில் தம் இடத்தை வேறு யாரும் பிடிப்பதற்குள் ஓடினார்.