ஏதேனில் ஒரு தையல்

"ஆதாம் பழம் தின்னான். எனக்குக் கை விளங்காமப் போச்சு. இது என்ன நியாயம் சிஸ்டர்?"

டெய்லர் வியாகுலம் இப்படிக் கேட்டதும், மடத்துக் கத்தரிச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த சிஸ்டர் எமிலியானா நிமிர்ந்தார்.

வியாகுலத்துக்கு அறுபத்திரண்டு வயது. சிஸ்டர் இருபது வயது இளையவர். ஆனாலும் சிஸ்டரின் விவிலிய வகுப்பில் ஏழு வருஷமாக முதல் பெஞ்சில் உட்காருகிறவர் வியாகுலம்தான். பக்கவாதம் வந்து வலது கை தொங்கிப்போனபின், நாலு மாதமாகக் கோயில் பக்கமே தலைகாட்டவில்லை.

"இனிமே வரமாட்டேன். நேர்ல சொல்லிட்டுப் போறதுதான் மரியாதை."

"சரி அண்ணாச்சி. மோர் குடிச்சிட்டுக் கோபப்படுங்க."

மோர் வந்தது. இடது கையால் வாங்கிக் குடித்தார். மீசையில் ஒட்டியதைத் துடைக்கவில்லை.

"துயரம்னு அர்த்தம் வர்ற பேரை எங்கப்பா தேடிப்பிடிச்சு வச்சாரு பாருங்க, அப்பவே நான் உஷாராயிருக்கணும்."

சிஸ்டர் சிரித்துவிட்டார். வியாகுலத்துக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

"அண்ணாச்சி, ஆதாமும் ஏவாளும் தப்பு செஞ்சதும் கடவுள் என்ன செஞ்சார்?"

"சாபம் கொடுத்தார். தோட்டத்தை விட்டு விரட்டினார். வாளோட காவல் வச்சார்."

"சாபத்துக்கும் விரட்டினதுக்கும் நடுவுல ஒண்ணை விட்டுட்டீங்க."

வியாகுலம் யோசித்தார். ஏழு வருஷப் பாடம் மெல்ல மேலே வந்தது.

"தோல்ல உடுப்பு செஞ்சு, ரெண்டு பேருக்கும் உடுத்திவிட்டார்."

"அந்த வேலை எனக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும். உடுப்பு சரியா அமையணும்னா முதல்ல என்ன செய்யணும்?"

"அளவெடுக்கணும்."

"எவ்வளவு தூரத்துல நின்னு?"

இதைக்கூடவா கேட்பார்கள் என்பதுபோல் வியாகுலம் பார்த்தார்.

"தூரத்துல நின்னா எப்படி சிஸ்டர்? மார்பளவு எடுக்கணும்னா கட்டிப்பிடிக்காத குறைதான். அந்த ஆளோட மூச்சு நம்ம கழுத்துல படும். ஒருதடவை, புருஷன் செத்த வீட்டுக்கு வெள்ளை ரவிக்கைக்கு அளவெடுக்கப் போயிருந்தேன். அந்தம்மா அழுத அழுகையில என் தோள்பட்டை பூரா நனைஞ்சு..."

இடது கை தோள்பட்டையைத் தொட்டது.

சிஸ்டர் அடுத்த பாத்திக்கு நகர்ந்தார்.

வியாகுலம் மீசையில் ஒட்டியிருந்த மோரைத் துடைத்தார். பிறகு மீசைக்குள் சிரித்தார்.

"நனைஞ்சிருப்பார் சிஸ்டர்," என்றார். "அன்னைக்குக் கடவுள் நல்லா நனைஞ்சிருப்பார்."